ஐந்து பஸ்களில் நூறு வருடம்

திருப்பூர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பஞ்சில் ஆரம்பித்து பனியனுக்கு வருவார்கள். ஜின்னிங் பேக்டரி, நிட்டிங் மெஷின், சாயப்பட்டறை, ஏற்றுமதி என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பக்கமாவது கிடைத்துவிடும். ஆனால் காலை எட்டரை மணிக்கு மெஷின் முன்னால் உட்காரும் ஆளை அவர் ஊரிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்த்த வண்டிக்கு அரைப் பக்கம்கூட இல்லை. அந்த வண்டியைப் பற்றி எழுதும்படி நம் செய்தி மடல் குழுவினர் கேட்டார்கள். புத்தகத்தில் தேடுவதைவிட வண்டியிலேயே ஏறிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

'செய்தோம்' என்று சொல்லக் காரணம், என்னோடு வந்த நண்பர். நம் காலனிக்காரர்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பஸ் தொழிலில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் இல்லை. ஆனால் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'பஸ் பைத்தியம்'. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை வைத்தே லேலண்டா டாட்டாவா என்று சொல்லிவிடுவார். எந்த வண்டிக்கு எங்கே பாடி கட்டினார்கள், எந்த வருடம் எந்தத் தடத்துக்கு மாறியது என்று நாற்பது வருடமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. லண்டனின் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் 159-ம் எண் தடத்தில் கடைசியாக ஓடியபோது, அதைப் பார்ப்பதற்கென்றே ரோட்டோரம் கூட்டம் கூடியது. நம் ஊரில் அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. ஒரு ஆள் மட்டும் நோட்டோடு நிற்கிறார்.

எங்கள் திட்டம் எளிமையானது. ஒரு புதன்கிழமை. கார், பைக், ஆட்டோ எதுவும் கிடையாது. திருப்பூரிலிருந்து அவிநாசி, அங்கிருந்து மங்கலம், பல்லடம், காங்கேயம், மறுபடி திருப்பூர் என்று ஒரு வட்டம். மொத்தம் ஐந்து பஸ்.

முதல் பஸ்: திருப்பூர் – அவிநாசி

காலை ஏழரைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. காரணம், நாங்கள் போன திசை. காலையில் ஊருக்கு வெளியே போகும் வண்டியில் காற்றோட்டமாகப் போகலாம். எதிரே வரும் வண்டியில் படிக்கட்டு வரை ஆள் நிற்பார்கள். குமரன் ரோட்டில் நொய்யலைத் தாண்டி, ரயில்வே மேம்பாலம் ஏறி, புஷ்பா தியேட்டர் ரவுண்டானா வருவதற்குள் அப்படி ஒன்பது வண்டிகளை நண்பர் எண்ணிவிட்டார்.

அந்த மேம்பாலத்தின் கீழே ஓடும் தண்டவாளம்தான் இந்த ஊரின் முதல் பெரிய மாற்றம். சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்த ரயில்பாதை 1862-ல் முழுமையடைந்தது. கரிசல் காட்டுப் பருத்தி மாட்டு வண்டியில் திருப்பூருக்கு வந்து இங்கே ரயில் ஏறியது. ஆனால் ரயில் ஒரே கோட்டில்தான் ஓடும். தெற்கே தாராபுரம், உடுமலை, மேற்கே அவிநாசி, வடக்கே குன்னத்தூர் என்று கோட்டுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கெல்லாம் மாட்டு வண்டியும் கால்நடையும்தான் கதி.

அதை மாற்றியது பஸ். கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தானே ஓட்ட ஆரம்பித்தார். பொள்ளாச்சியிலிருந்து பழநி போகும் ரோடு இன்றைய நம் மாவட்டத்தின் உடுமலை, மடத்துக்குளம் வழியாகத்தான் போகிறது. ஆக, கொங்கு நாட்டுப் பஸ் வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே நம் மாவட்டமும் இருக்கிறது. அந்த ஒரு பஸ் 1933 வாக்கில் 280 பஸ்களாகி, 'யு.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது. சொன்ன நேரத்துக்கு வண்டி புறப்பட வேண்டும் என்பதில் நாயுடு கறாராக இருந்தார். மணி பார்த்துப் பயணம் போகும் பழக்கத்தை இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

திருப்பூரின் முதல் பின்னலாடை நிறுவனம் என்று எல்லோரும் குறிப்பிடுவது குலாம் காதர் ஆரம்பித்த பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸை, வருடம் 1925. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் பகுதியில் பஸ்ஸும் பனியனும் ஐந்து வருட இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் கையைப் பிடித்துத்தான் தம்பி நடை பழகினான்.

பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையம், சிற்பிகளின் உளிச் சத்தம் கேட்கும் திருமுருகன்பூண்டி என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. பூண்டியில் ஒரு பாட்டி ஏறினார். கையில் முருங்கைக்கட்டு. கண்டக்டர், "முன்னால ஒக்காருங்காத்தா, கட்டை நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கி எஞ்சின் பக்கம் வைத்தார். டவுன் பஸ் என்பதால் பாட்டிக்கு டிக்கெட் காசு இல்லை. கட்டுக்கும் கண்டக்டர் காசு கேட்கவில்லை.

இரண்டாவது, மூன்றாவது பஸ்: அவிநாசி – மங்கலம் – பல்லடம்

அவிநாசி கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு டீ குடித்துவிட்டு மங்கலம் வண்டியில் ஏறினோம். மங்கலத்தில் இறங்கி, பூமலூர் வழியாகப் பல்லடம் போகும் வண்டிக்கு மாறினோம். இரண்டுமே தனியார் பஸ். இங்கேதான் நண்பர் எனக்குப் 'டயம்' என்ற சொல்லின் முழு அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

நம் ஊரில் பஸ் முதலாளி ஒருவர் விலைக்கு வாங்குவது வண்டியை மட்டும் அல்ல. உண்மையான சொத்து பர்மிட்தான். ஆரம்ப காலத்தில் வண்டி வைத்திருந்தவர் நினைத்த ரோட்டில் நினைத்த நேரத்துக்கு ஓட்டினார். ஒரே ரோட்டில் நாலு பேர் ஓட்டி, போட்டியில் கட்டணத்தைக் குறைத்து, நாலு பேருமே நஷ்டப்பட்டதும் உண்டு. 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. எந்தத் தடம், எந்த நேரம், எத்தனை நடை என்பதை அரசு அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் ஓட்ட முடியும் என்று ஆயிற்று. அப்படி எழுதிக் கொடுத்த நேரம்தான் 'டயம்'. 7.42 என்றால் 7.42. ஒரு நிமிடம் தாமதித்தால் பின்னால் நிற்கும் வண்டியின் டிரைவர் ஹாரன் அடிப்பார். அது அவருடைய ஆட்களை இவர் ஏற்றிக்கொள்வதற்கு எதிர்ப்பு. பஸ் ஸ்டாண்டில் நோட்டும் பேனாவுமாக நிற்கும் டைம் கீப்பர் இந்தச் சண்டைகளுக்கு நடுவர்.

"நம்மூர்ல தனியார் பஸ் ஏன் இப்படிப் பறக்குதுன்னு கேக்கறாங்கல்லங்க? ரெண்டு வண்டிக்கு நடுவுல மூணு நிமிசம், நாலு நிமிசம்தானுங்க. அந்த மூணு நிமிசத்துலதான் அன்னைக்குக் கலெக்சன்" என்றார் நண்பர். வேகத்தை அவர் நியாயப்படுத்தவில்லை. அது டிரைவரின் குணத்தால் மட்டும் வருவதில்லை, ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று விளக்கினார்.

அந்தச் சட்டம் வந்த வருடமே இரண்டாம் உலகப்போரும் வந்தது. பெட்ரோல் ரேஷன் ஆயிற்று. பஸ்ஸின் பின்பக்கம் பெரிய உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். கரி பஸ் என்று அதற்குப் பெயர். புறப்படுவதற்கு அரைமணி முன்னாலேயே கிளீனர் பையன் நெருப்பு மூட்டி, துருத்தியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். தன் தாத்தா வெள்ளை வேட்டியோடு சந்தைக்குப் போய்க் கரிப்புள்ளிகளோடு திரும்புவார் என்று நண்பர் வீட்டில் இன்றும் சொல்வார்களாம்.

போர் முடிந்தபின் டீசல் எஞ்சின் பரவியது. 1950-களில் எண்ணூரில் அசோக் லேலண்டும், ஜாம்ஷெட்பூரில் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுடன் டாட்டாவும் உள்நாட்டிலேயே சேஸிஸ் செய்ய ஆரம்பித்தன. அந்தச் சேஸிஸ்மேல் கூடு கட்டும் தொழில் கரூரில் ஊன்றியது. இன்றும் தமிழ்நாட்டிலும் வெளியிலும் ஓடும் பஸ்களில் கரூர் பாடி என்றால் தனி மதிப்பு. மங்கலத்தில் நாங்கள் ஏறிய வண்டியின் ஜன்னல் கம்பியையும் கூரையின் வளைவையும் பார்த்துவிட்டு, "கரூர் வேலைங்க இது, சந்தேகமே இல்லை" என்று நண்பர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த வண்டியில் இருந்தவர்களையும் பார்த்தேன். மணி பத்தரை. தறிக்குப் பாவு நூல் சம்பந்தமாகப் பல்லடம் போகும் ஒருவர், ரேஷன் கார்டில் திருத்தம் செய்யத் தாலுகா ஆபீஸ் போகும் தம்பதி, ஆஸ்பத்திரி பைலோடு ஒரு அம்மா, இரண்டு கல்லூரிப் பையன்கள். மொத்தம் பதினான்கு பேர். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நான்காவது பஸ்: பல்லடம் – காங்கேயம்

பல்லடத்தில் சாப்பிட்டுவிட்டு, கோவை–திருச்சி ரோட்டில் அரசு பஸ் பிடித்தோம். பொங்கலூர், அவிநாசிபாளையம் வழியாகக் காங்கேயம். இந்த ரோட்டில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் மாறி மாறி வரும். வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். நமக்குப் பழகிவிட்டதால் ஏன் இப்படி என்று யோசிப்பதில்லை.

காரணம் 'ஐம்பது' என்ற ஒரு எண். 1931-ல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 21 பஸ்களோடு ஆரம்பித்த ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், பொள்ளாச்சி, பழநி, வால்பாறை, உடுமலைப் பக்கங்களில் வேகமாக வளர்ந்தது. மதுரையில் டி.வி.எஸ். இருந்தது. இப்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய கம்பெனி. 1960-களின் இறுதியில் தமிழக அரசு முதலில் நீண்ட தூரத் தடங்களைத் தன் கையில் எடுத்தது. பிறகு 1971-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஐம்பதோ அதற்கு மேலோ பர்மிட் வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் பஸ்களை எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 1972-ல் பிறந்தவைதான் மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகங்கள். ஆனைமலைஸ் பஸ்களும் அப்படித்தான் அரசுக்குப் போயின.

ஐம்பதுக்குக் குறைவாக வைத்திருந்தவர்களில் பலர் தொடர்ந்து ஓட்டினார்கள். கொங்கு நாட்டில் இரண்டு வண்டி, ஐந்து வண்டி, பத்து வண்டி வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். தோட்டத்து வருமானத்தில் வண்டி வாங்கி, அண்ணன் தம்பி பங்கு போட்டு, ஒருவர் செட்டில் கணக்குப் பார்க்க, இன்னொருவர் வண்டியோடு போன குடும்பங்கள் அவை. அதனால்தான் இன்றும் நம் பஸ் ஸ்டாண்டில் பச்சையும் நீலமுமாக அரசு வண்டிகள் ஒருபக்கமும், குலதெய்வம் பெயரும் பிள்ளைகள் பெயரும் எழுதிய தனியார் வண்டிகள் மறுபக்கமும் நிற்கின்றன. கவனித்துப் பார்த்தால், பனியன் தொழிலும் இதே மாதிரி சின்னச் சின்னக் குடும்ப முதலீட்டில், பங்காளி முறையில் வளர்ந்த தொழில்தான்.

வண்டி அவிநாசிபாளையத்தைத் தாண்டியதும் நண்பர், "இப்ப சேரன் முடிஞ்சு ஜீவா ஆரம்பிக்குதுங்க" என்றார். நடுத்தர வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இது உடனே புரியும். 1979-ல் கோவை மாவட்டத்தைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் வந்தபோது தாராபுரம், காங்கேயம் பக்கம் அதில் சேர்ந்தது. 1983-ல் ஈரோட்டைத் தலைமையிடமாக வைத்து ஜீவா போக்குவரத்துக் கழகம் தனியாகப் பிரிந்தது. அந்நாளில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் சேரனும் ஜீவாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வண்டியின் பக்கவாட்டு எழுத்தைப் படித்தே எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிடுவோம். 1997-ல் தென்மாவட்டத்தில் ஒரு கழகத்துக்குப் பெயர் வைத்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டபோது, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. அன்றிலிருந்து சேரனுக்கும் ஜீவாவுக்கும் ஒரே பெயர்: தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். பிறகு 2009-ல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது, அவிநாசியும் காங்கேயமும் ஒரே மாவட்டமாகின. மாவட்டம் ஆவதற்கு முன்பே, ஐம்பது அறுபது வருடமாக, பஸ்தான் இந்த ஊர்களை ஒன்றாகத் தைத்து வைத்திருந்தது.

பெயர்கள் போனாலும் ஒன்று மாறவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திருக்குறள். 1967-க்குப் பிறகு அரசு பஸ்களில் வந்த பழக்கம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைக்கு அதுவே ஓடும் பாடப்புத்தகம்.

ஐந்தாவது பஸ்: காங்கேயம் – திருப்பூர்

நாலு மணிக்குக் காங்கேயத்தில் ஏறினோம். அரிசி ஆலைகளையும் தேங்காய்க் களங்களையும் தாண்டி வண்டி படியூர் வந்தது. படியூரில் கிடைத்த பச்சைக்கல் ரோமாபுரி வரை போனதாக வரலாற்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வில் அந்தக் கல்லை மணியாக்கிய தடயங்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மண்ணின் சரக்கு கடல் கடந்து போயிருக்கிறது. சரக்கு போக ஒரு பெருவழி, வேலைக்கு ஆள் வர ஒரு வழி என்ற இரண்டும் இல்லாமல் எந்தத் தொழிலூரும் நிலைத்ததில்லை.

திருப்பூர் விஷயத்தில் அந்த இரண்டாவது வழி பஸ்தான். பம்பாயிலும் அகமதாபாத்திலும் மில்கள் வளர்ந்தபோது தொழிலாளிகள் ஊரைவிட்டு வந்து மில் வாசலிலேயே சால் என்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். திருப்பூரிலும் லைன் வீடுகள் உண்டு. ஆனால் எல்லோரும் குடிவரவில்லை, வரவும் இடமில்லை. 2001 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 3.44 லட்சம் பேர்; 2011-ல் அதே எல்லைக்குள் 4.44 லட்சம். பத்து வருடத்தில் ஒரு லட்சம் பேருக்கு வீடும் தண்ணீரும் தேடித் திணறிய ஊர் இது. அந்தத் திணறலில் ஊர் மூழ்கிவிடாமல் காத்தது, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தங்கள் வீட்டிலேயே தூங்கி, காலையில் பஸ் ஏறி வந்து, இரவு திரும்பிப் போனவர்கள். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருடங்களில் அந்த டவுன் பஸ் டிக்கெட்தான் அவர்களுக்கு இரண்டாவது தோட்டம். மாடு ஊரில் இருக்கும். ரேஷன் கார்டு ஊரில் இருக்கும். அம்மா அப்பா ஊரில் இருப்பார்கள். கூலி மட்டும் திருப்பூரில்.

பஞ்சப்படிக்காக 1984-ல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தம் இந்த ஊரை நன்றாக அறிந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பின் வந்த ஏற்றுமதிக் காலத்தில் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகப் பிரிந்தது. கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங், அயர்னிங் வேறிடம். கம்பெனிகள் எங்கே போயின? அவிநாசி ரோடு, பி.என். ரோடு, பல்லடம் ரோடு, காங்கேயம் ரோடு, தாராபுரம் ரோடு, மங்கலம் ரோடு. அத்தனையும் பஸ் ரோடு. கம்பெனி வாசலில் 'ஆட்கள் தேவை' போர்டில் பஸ் ஸ்டாப்பின் பெயரை எழுதுவது இன்றும் வழக்கம். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு எட்டரை. நாங்கள் நல்லூர் வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. எதிர்த் திசை வண்டிகள் நிரம்பிவழிந்தன. அதில் பாதிக்கு மேல் பெண்கள். கைமடி, செக்கிங், டெய்லர் என்று வேலை பார்க்கும் பெண்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். தினமும் போக வர டிக்கெட்டுக்குப் போன காசு வாரக் கூலியில் மிஞ்சுவது சின்ன விஷயம் அல்ல. "முன்னெல்லாம் அரை மணி நடந்தாவது காசு மிச்சம் பண்ணுவோமுங்க" என்று நல்லூர் ஸ்டாப்பில் ஏறிய ஒரு அம்மா சொன்னார். கட்டணமில்லா டிக்கெட்டைக்கூட அவர் பத்திரமாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பதினான்கு பேரின் கணக்கு

பல்லடம் வண்டியில் பதினான்கு பேர் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பதினான்கு பேரின் டிக்கெட்டில் ஒரு நடையின் டீசல் செலவுகூடத் தேறாது. பிறகு எப்படி அந்த வண்டி ஓடுகிறது? காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்துக்கும் எட்டரைக்கும் நெருக்கியடித்து ஏறும் ஷிப்ட் கூட்டத்தால். காலை மாலைக் கூட்டம் சம்பாதிப்பதில் பகல் பதினொரு மணி நடை பிழைக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவின் பயணத்துக்கு, அவருக்கே தெரியாமல், ஒரு பனியன் கம்பெனி டெய்லர் நூறு வருடமாகப் பங்கு கொடுத்து வருகிறார். பஸ் தொழிலின் அடிப்படைக் கணக்கே இதுதான்.

அந்தக் கணக்கு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பெரிய கம்பெனிகள் கிராமம் கிராமமாகச் சொந்த வேன் விடுகின்றன. தவணையில் ஸ்கூட்டி கிடைக்கிறது. இரண்டுமே தொழிலாளிக்கு வசதி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பெனி வேன் கம்பெனி ஆளை மட்டும்தான் ஏற்றும். டயாலிசிஸுக்குப் போகும் பெரியவரை ஏற்றாது, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளையை ஏற்றாது. காலைக் கூட்டம் வேனுக்குப் போய்விட்டால், பகல் நடைக்குப் பங்கு கொடுக்க ஆள் இல்லை. முதலில் பகல் நடை நிற்கும், பிறகு இரவுக் கடைசி நடை, பிறகு தடமே. நண்பரின் நோட்டில் 'நின்றுவிட்டது' என்று சிவப்பு மையில் எழுதிய தடங்கள் பல. நம் காலனி வாசலில் பகலில் வந்துகொண்டிருந்த வண்டியும் அதில் ஒன்று. நம்மில் பலர் அது நின்றதையே கவனிக்கவில்லை. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அம்மாக்கள் மட்டும் அன்றிலிருந்து மெயின் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்து வருகிறார்கள்.

இதைப் புலம்பலாக எழுதவில்லை. வழி இருக்கிறது. 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தபோது, பெரிய பஸ் போகாத கிராமங்களுக்கும் சந்துகளுக்கும் வண்டி போனது. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதமாவது ஏற்கெனவே பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். நம் காலனியையும் பின்னால் இருக்கும் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குப் பொருந்தும் என்று நண்பர் வரைபடம் போட்டுக் காட்டினார்.

அதனால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, இரண்டு வாரத்துக்கு நம் ஸ்டாப்பில் யார், எந்த நேரம், எங்கே போக நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்போம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதிய மனுவைவிட, 'பகல் பதினொரு மணிக்கு இத்தனை பேர்' என்று எண்ணிக்கையோடு எழுதிய மனுவுக்கு எடை அதிகம்.

இரண்டு, இப்போது ஓடும் வண்டிகளின் டயத்தை எழுதிக் கேட் அருகில் ஒரு போர்டு வைப்போம். எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆள் நிற்காத ஸ்டாப்பில் பஸ்ஸும் நிற்காது.

மூன்று, பழைய பஸ் டிக்கெட், சீசன் பாஸ், சேரன், ஜீவா காலத்துப் போட்டோ, பெரியவர்கள் சொன்ன கரி பஸ் கதை எது இருந்தாலும் சங்கத்துக்குக் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். பனியனின் வரலாற்றை எழுத இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். பஸ்ஸின் வரலாறு இன்னும் மக்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு பஸ் தடத்தை மூட யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனால் போதும். மாதத்தில் ஒரு நாளாவது, பைக் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நம் ஸ்டாப்பில் நின்று ஏறுங்கள். கணக்கெடுப்புக்கான நோட்டு இந்த ஞாயிறு முதல் சங்க அலுவலக மேஜையில் இருக்கும். முதல் பக்கத்தில் நேரங்களை நண்பர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்.